நாற்பத்தேழாம் அறையின் பின்பாதி

2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால். அமெரிக்காவின் அமரில்லோ நகரின் புறத்தே வடகாற்று புழுதியைக் கிளப்பி வீசிக்கொண்டிருந்தது. வாடகைக்கு விட்ட சேமிப்பு அறைகளில் கேட்பாரற்றுக் கிடந்த பொருள்களை ஏலம்விடும் நாள் அது. மேலாளர் ஜோலீன் நாற்பத்தேழாம் அறையின் பூட்டை அறுத்து, இரும்புச் சுருள்கதவை மேலே தள்ளினாள். யாரும் உள்ளே செல்லக்கூடாது; வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தே விலை கேட்க வேண்டும்.

சாமான்கள் அனைத்தும் கதவை ஒட்டியே நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. பின்பாதி வெறுமையாகக் கிடந்தது.

"எவன்டா இப்படி அடுக்குவான்? உள்ளேருந்துல்ல ஆரம்பிப்பாங்க" என்றான் ஏலத்தில் சரக்கெடுத்து விற்கும் வெண்டல்.

"சோம்பேறிப் பய. நாலடி நடக்க வலிச்சிருக்கும்ணே" என்றான் அவன் தம்பி மெர்ல்.

போட்டிக்கு விலை கேட்ட ஹார்லன் பாதியில் விலகினான். "எடுத்துக்கோ வெண்டல். எலிங்களோட குடித்தனம் பண்ணு."

நண்பகலுக்குள் சகோதரர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டனர். வெள்ளிப் பாத்திரங்கள் நிறைந்த ஒரு பெட்டி மட்டும் வாசலருகே மிச்சமிருந்தது. அறையைப் பெருக்கி ஒப்படைப்பது முறையாதலால், மெர்ல் துடைப்பத்துடன் பின்பாதிக்குச் சென்றான். அங்கே தூசியே இல்லை. நெடுங்காலம் மூடிக் கிடந்த கிணற்றின் வாடை மட்டும் இருந்தது.

அப்போது ஹார்லனின் வண்டி திரும்பி வந்தது. கிடைத்த சரக்கைப் போட்டியாளன் கண்ணில் படாமல் மறைப்பது இத்தொழிலில் யோசித்துச் செய்வதன்று. கை தானே செய்யும்.

"ஹார்லன் வரான்டா. கதவ இறக்குறேன், சத்தம் போடாத."

"சீக்கிரம் தொரத்துண்ணே. இங்க குளிருது."

வெண்டல் கதவை இறக்கி, அதன்மேல் சாய்ந்து நின்றான்.

"என்னப்பா, புதையலா?"

"மூத்திர மெத்தை. வேணுமா?"

ஹார்லன் சிரித்துவிட்டுப் போனான். வெண்டல் கதவைத் தூக்கினான். வெள்ளிப் பெட்டி இருந்தது. துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது.

மெர்ல் இல்லை.

மூன்று பக்கமும் தகரச் சுவர், வேறு வழியில்லை. மறுபடி இறக்கித் தூக்கினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற பேதைமையால், வெண்டல் கதவை இறக்கினான்.

"அண்ணே, போயிட்டானா? தூக்கு."

தூக்கினான்.

எவருமில்லை.

இறக்கினான்.

"தூக்குண்ணே."

காவலர்கள் வந்து பக்கத்துச் சுவர்களைக் கழற்றிப் பார்த்தனர். மூடிய கதவின் வெளியே நின்று கேட்டனர். காற்றின் ஓசை என்றனர். சுவர்களை மாட்டிவிட்டுச் சென்றனர். வெண்டல் அறையைத் தன் பேரில் வாடகைக்குக் கேட்டு, அறைகளை நடத்தும் நிறுவனத்துக்கு எழுதினான். கதவு மூடியிருந்தால்தான் தம்பி இருந்தான். அறை வேறொருவர் கைக்குப் போனால் அதுவும் இல்லை. பதில் வரும்வரை ஒவ்வொரு பகலும் கதவடியில் அமர்ந்து பேசினான். குரல் நாளுக்கு நாள் தொலைவாகிக்கொண்டே போனது. பத்தடி ஆழ அறையில் அவ்வளவு தொலைவு இல்லை.

ஒரு நாள் மெர்ல் கிசுகிசுத்தான்.

"அண்ணே, இனிமே பேசாத. நாம பேசுறத இங்க ஒண்ணு கத்துக்குது."

மறுநாள் குரல் கதவுக்கு மிக அருகே கேட்டது.

"தூக்குண்ணே."

மெர்லின் குரலேதான். குளிரின் நடுக்கம் மட்டும் அதில் இல்லை.

அதற்கடுத்த வாரம் ஜோலீன் நிறுவனத்தின் முடிவு எழுதிய தாளைக் கொண்டுவந்தாள். அறை காலி; நாளை முதல் வேறொருவருக்கு. அவள் ஒப்பமிடுவது மட்டுமே பாக்கி.

"ஜோலீன், உங்களுக்கும் கேக்குதுல்ல?"

"கேக்குது, வெண்டல்."

"அப்புறம் எப்படிம்மா காலின்னு எழுதுறீங்க?"

"கதவத் தொறந்தா என்ன இருக்குன்னுதான் கேட்டிருக்காங்க. மூடினா என்ன இருக்குன்னு யாரும் கேக்கலையே."

"அவன் என் தம்பிம்மா."

"இப்பப் பேசுறது அவன்தான்னு உங்களால சத்தியம் பண்ண முடியுமா?"

வெண்டல் கதவைவிட்டு ஓரடி விலகினான்.

எழுதுவதற்கு மேசை இல்லாததால், அவள் தாளை மூடிய கதவின்மேல் அழுத்திக் கையொப்பமிட்டாள். பேனா நகர்ந்த ஒவ்வொரு வளைவையும், தகரத்தின் உட்புறத்தில் ஒரு நகம் தொடர்ந்து கீறியது.

அவள் பேனாவை எடுத்தாள்.

கீறல் நிற்கவில்லை. அதே கையொப்பத்தை மறுமுறை, தொடக்கத்திலிருந்து, தயங்காமல் எழுதி முடித்தது.

அதன் பிறகே ஜோலீன் தாளை வெண்டலிடம் நீட்டினாள்.