காயாத கம்பளம்

ஆள் வந்து கம்பளத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போன மூன்றாம் நாள், வேலையிலிருந்து வந்த கணவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான்.

"என்ன நாத்தம் இது?"

அவள் கூடத்தின் நடுவில்தான் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது வாசனைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் தீய்வதைக்கூட நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். "இவளுக்கு மூக்கு மூக்குத்தி போட்டுக்க மட்டும்தான்" என்று கணவனின் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் கண்களை உற்றுப் பார்க்கிற வேலை என்பதால், எந்த வாசனையையும் அடுத்தவர் முகத்தில் படித்துவிட அவள் பழகியிருந்தாள்.

இப்போது கணவனின் முகத்தில் இருந்தது வெறும் அருவருப்பு. பள்ளிவிட்டு வந்த மகளும் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். ஒன்பது வயது, வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

"எப்படி இருக்கு வாலு? சொல்லு."

"மூடி வச்ச தண்ணி பாட்டில் மாதிரிம்மா. உள்ள ஏதோ செத்த மாதிரி."

வாடகைக்கு வந்தபோதே சுவரிலிருந்து சுவர்வரை ஒட்டியிருந்த கம்பளம் அது. பழுப்பு நிறம். யாரோ எப்போதோ கொட்டிய கறைகள் கண்ணை உறுத்தின என்றுதான் ஆள் வைத்துக் கழுவினார்கள். அவள் கம்பளக்காரருக்குப் போன் போட்டாள்.

"அடியில இருக்கிற பஞ்சுல தண்ணி நின்னிருக்கும்மா," என்றார் அவர். பொறுமையான மனிதர். "மேல கழுவுனா அடியில இருக்கிற பழசெல்லாம் ஊறி மேல வரும். ஜன்னலத் திறந்து வைங்க, ஃபேன நிறுத்தாதீங்க. சமையல் சோடாவ நல்லா தூவி ராத்திரி விட்டுட்டு, காலைல மெஷின் வச்சு உறிஞ்சி எடுத்துடுங்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

சொன்னபடியே செய்தாள். மூன்று பொட்டலம் சோடாவையும் மாவு சலிப்பதுபோலச் சலித்துக் கூடமெங்கும் தூவினாள். மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது, சுவரோரங்களில் தூள் அப்படியே வெள்ளை வெளேரென்று கிடக்க, நடுவில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குச் சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. கரைந்த தடமோ, கட்டியோ எதுவுமில்லை. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் இருந்தது. ஆனால் ஈரத் துணி இருக்கிற மாதிரி சில்லென்று இல்லை. தூங்கி எழுந்த குழந்தையின் கழுத்தடி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஏனோ திரும்பவும் துடைத்துக்கொண்டாள்.

வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளித்தாள். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்தால் ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

"யாருங்க மூடினது?"

"நான்தான்," என்றான் கணவன். டிவியைப் போடாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். "எல்லாம் வெளிய போயிடுது."

"நாத்தம் வெளிய போகத்தானே திறந்து வச்சேன்?"

"நாத்தமா?" என்று அவளை ஏறிட்டுப் பார்த்தான். "இப்ப நல்லாத்தானே இருக்கு."

அவன் கண்களைப் பார்த்தாள். வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஆனாலும் பாவைகள் இரண்டும் சொட்டு மருந்து விட்டதுபோல அகலமாக விரிந்து கிடந்தன. வாலு தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு வரிதான் இருந்தது. பேனா எப்போதோ கையைவிட்டு உருண்டு போயிருந்தது. கன்னத்தைக் கம்பளத்தில் வைத்து மெல்ல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு. ஈரத்துல படுத்தா சளி பிடிக்கும்."

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

வெள்ளிக்கிழமை கணவன் வேலைக்குப் போகவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், காய்ச்சலிலும் லீவு போடாதவன். வேறு யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நாத்தனாரை வரச் சொன்னாள்.

நாத்தனார் சாயங்காலம் வந்தாள். கதவைத் திறந்ததுமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சந்துக்கு ஓடி, சுவரைப் பிடித்துக் குமட்டினாள்.

"இதுலயா குடும்பம் நடத்துறீங்க? உனக்குத்தான் மூக்கு இல்ல, இவனுக்கு என்ன கேடு? முதல்ல இதப் பிய்ச்சு எறியச் சொல்லு!"

அந்தத் திட்டு அவளுக்குத் தேனாக இருந்தது. அப்பாடா, பயப்படுகிற ஆள் இன்னொருத்தி இருக்கிறாள். கம்பளக்காரரை மறுநாள் காலை வரச் சொல்லி, வந்து கழற்றிக்கொண்டே போய்விடும்படி பேசி முடித்தாள். நாத்தனார் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை காலை, நாத்தனார் கூடத்து வாசலில் சாய்ந்து நின்றிருந்தாள். முந்தானை மூக்கில் இல்லை.

"அண்ணி, வாலுவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறீங்களா? எனக்கு மதியம் வரைக்கும் கடை இருக்கு. இத எடுத்து முடிச்சதும் நான் வந்து கூட்டிக்கறேன்."

"கூட்டிட்டுப் போறேன். நீ கிளம்பு," என்றாள் நாத்தனார், திரும்பிப் பார்க்காமலே.

பத்து மணிக்குக் கம்பளக்காரர் வந்தார். மூக்கைச் சுளித்தார். மூலையில் கத்தியை விட்டு ஒரு முழம் பெயர்த்து அடியைத் தொட்டுப் பார்த்தார். "அதிசயமா இருக்கும்மா. அடிப் பஞ்சு காஞ்சு கிடக்கு. தரையும் காஞ்சிருக்கு. அப்ப ஈரம் எங்கிருந்து வருது?" என்றபடி இன்னும் குனிந்து முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். நிமிர நேரமாயிற்று.

"எடுத்துடுவீங்கல்ல?"

"ம். நீங்க போயிட்டு வாங்க."

கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி யாரையோ படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, கடைசி வரி அவள் கண்ணிலேயே மங்கியது. பன்னிரண்டு மணிக்குக் கணவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. நாத்தனாரைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கம்பளக்காரரின் போன் வெகுநேரம் அடித்த பிறகு எடுக்கப்பட்டது.

"முடிஞ்சுதாங்க?"

"நான் இங்கதான்ம்மா இருக்கேன்." குரல் தலையணைக்குள் பேசுவதுபோல அமுங்கி வந்தது. "எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

"என் பொண்ணு?"

மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக இழுத்து, நீளமாக விட்டு. ஒரு ஆளின் மூச்சு இல்லை அது.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள். பட்டப்பகல். தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவள் வீட்டு ஜன்னல்கள் மட்டும் இறுக்கிச் சாத்தியிருந்தன. கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை.

சோபாவும் மேசையும் சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் நால்வரும் படுத்திருந்தார்கள். குப்புற. கைகளை விரித்து. கணவன். நாத்தனார். இன்னும் கத்தியைப் பிடித்தபடி கம்பளக்காரர். கணவனுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் வாலு.

"என்னங்க."

யாரும் அசையவில்லை. நான்கு முதுகுகளும் ஒன்றாக உயர்ந்தன. ஒன்றாகத் தாழ்ந்தன. அவை தாழ்ந்தபோது கம்பளம் உயர்ந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டே மகளிடம் போனாள். கம்பளத்தின் வெதுவெதுப்பு பாதத்தில் ஏறியது. மண்டியிட்டு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். தோள் வந்தது. தலை வரவில்லை.

"வாலு. எழுந்திரு கண்ணு. அம்மா வந்துட்டேன்."

இன்னும் பலமாக இழுத்தாள். தலை கொஞ்சம் உயர்ந்தது. கூடவே கம்பளமும் உயர்ந்தது. கன்னத்துக்கும் கம்பளத்துக்கும் நடுவே பழுப்பு இழைகள் விறைப்பாக நின்றன. நூறு. ஆயிரம். ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. தோலுக்குள் போயிருந்தன. ஒவ்வொரு இழையும் தொப்புள்கொடிபோல மெல்லத் துடித்தது.

"வலிக்குதும்மா."

கையை விட்டுவிட்டாள். மகளின் முகம் ஈரச் சத்தத்தோடு மீண்டும் உள்ளே அமிழ்ந்தது.

அப்போதுதான் பார்த்தாள். கணவனுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு இடம் விட்டிருந்தது. ஒரு ஆள் படுக்கிற இடம். அங்கே மட்டும் இழைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

மகள் தலையைத் திருப்பவில்லை. கை மட்டும் நகர்ந்து வந்து அந்த இடத்தைத் தட்டியது.

தட். தட்.

"உனக்குத்தான்மா."

கணவனின் கையும் நகர்ந்தது. தட்டியது. நாத்தனாருடையது. கம்பளக்காரருடையது. நான்கு கைகள். ஒரே தாளம்.

அவள் முழங்காலுக்கு அடியில் கம்பளம் மூச்சை இழுத்தது.