விழுந்தால் ஏற முடிகிற கயாக்

“அந்த மஞ்சளுதான்! அதுதான் பறக்கும்!” என்று கத்திக்கொண்டே மணலில் இறங்கி ஓடினான் கஸ்பார்.

உப்பங்கழிக் கரையில் இருந்த கொட்டகையின் முன்னால் துடுப்புப் போட்டு ஓட்டும் கயாக் என்ற சிறு படகுகள் சில கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சுற்றுலா வருகிறவர்களை நீரில் அழைத்துப் போகும் கொட்டகை அது. அதை நடத்தும் மெஹருன் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தாள். எதிரே நின்ற கஸ்பாரும் அவன் அக்கா பிரகாசியும் இரவெல்லாம் கண் மூடவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அவர்களுடைய அப்பா சந்தகுரூஸ் முந்தின நாள் அலையாத்திக் காட்டுக்கு நண்டுப் பொறி வைக்கப் போனவர், திரும்பவில்லை. அவருடைய வள்ளம் மட்டும் கயிறு அறுந்து கழிமுகத்தில் மிதந்துகொண்டிருந்தது. ஆள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டிருப்பார் என்று எண்ணி, ஊர் வள்ளங்கள் எல்லாம் கடல் பக்கம் தேடப் போய்விட்டன. பிரகாசிக்கு மனம் ஒப்பவில்லை. வள்ளத்தில் பொறிகள் இல்லை! அப்படியானால் அப்பா அவற்றைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கியிருக்கிறார். ஆனால் காட்டுக்குள் ஓடைகள் மிகக் குறுகியவை, வள்ளம் நுழையாது. அப்பாவைப் போல வேர்களில் கால்வைத்து நடக்கப் பழகாதவர்களைச் சேறு இழுத்துவிடும். கயாக் ஒன்றுதான் வழி.

“இதுக்கு முன்னால கயாக் ஓட்டியிருக்கீங்களா?” என்றாள், பிரகாசி சொன்னதைக் கேட்டு முடித்த மெஹருன்.

“கடல்லயே கெடக்கிறவங்கக்கா நாங்க. இது என்ன பெரிய இதுவா?” என்ற கஸ்பார், ஒல்லியான மஞ்சள் கயாக்கை நீரில் தள்ளி, அதன் நடுவில் உட்காரும் குழிக்குள் காலை விட்டான். கட்டுமரத்தில் நின்று பழகிய கால்கள் சும்மா இருக்குமா? துடுப்பைக் கையில் வாங்கியதும் எழுந்து நின்றுவிட்டான்.

“தம்பி, நிக்காத! உக்காரு!”

தொபுக்கடீர்! கஸ்பார் ஒரு பக்கம், துடுப்பு ஒரு பக்கம். குழி நிறையத் தண்ணீர் புகுந்தது. அவன் ஏறப் பார்த்தான், கயாக் உருண்டது. மறுபடியும் பார்த்தான், மறுபடியும் உருண்டது. கடைசியில் மூவரும் சேர்ந்து அதைக் கரைக்கு இழுத்துத்தான் தண்ணீரைக் கொட்ட முடிந்தது.

“ஏலே, அப்பாவத் தேட வந்தியா, குளிக்க வந்தியா?” என்றாள் பிரகாசி. அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

மெஹருன் ஓரத்தில் கிடந்த பச்சைக் கயாக்கை இழுத்து வந்தாள். அகலமானது, குழி கிடையாது, மேலேயே உட்கார இரண்டு இருக்கைகள்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி மாதிரி இருக்கே!” என்றான் கஸ்பார்.

“தொட்டியேதான். வேகம் கெடையாது. கை கழண்டுரும். இப்ப இதுலேருந்து விழு.”

“விழவா?”

“விழுந்து ஏறிக் காட்டு. முதத் தடவை எடுக்கிறவங்க வேகத்தப் பாக்கக் கூடாது தம்பி. நடுத்தண்ணியில விழுந்தா நாமளா ஏறிக்க முடியுதா, அதத்தான் பாக்கணும்.”

கஸ்பார் விழுந்தான். அவள் சொன்னபடி அந்தப் பக்கத்து விளிம்பை எட்டிப் பிடித்தான், காலை உதைத்து வயிற்றால் மேலே சரிந்தான், புரண்டு உட்கார்ந்தான். கயாக் அசைந்ததே தவிர கவிழவில்லை.

“நான் மஞ்சள எடுத்துக்கிட்டு மேற்கு ஓடையப் பாக்குறேன். நீங்க கிழக்க போங்க. தண்ணி வத்துறதுக்குள்ள திரும்பிருங்க. வத்திட்டா சேத்துல மாட்டிக்கிடுவீங்க” என்ற மெஹருன், தண்ணீர் பாட்டிலை அவர்களுடைய கயாக்கில் வைத்தாள். இருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிவிட்டு, “பிஸ்மில்லாஹ்” என்று தள்ளிவிட்டாள். பிரகாசி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பயணம் தொடங்கியது!

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று நின்றுபோயிற்று. இரண்டு பக்கமும் வேர்கள். தலைக்கு மேல் இலைகள். “அப்பா! அப்பாவ்!” என்று கத்தினார்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. ஓடை பிரிந்தது, அதில் ஒரு கிளை முடிந்துபோனது, பின்னோக்கித் துழாவி வந்து அடுத்த கிளையில் நுழைந்தார்கள். மெஹருன் சொன்னது பொய்யில்லை. துடுப்பு இரும்பாகக் கனத்தது. உள்ளங்கைகள் கொப்புளித்தன. கத்திக் கத்தித் தொண்டையும் அடைத்துக்கொண்டது. வேர்களில் ஈரக்கோடு தெரிய ஆரம்பித்தது.

“அக்கா, தண்ணி எறங்குது.”

“தெரியுது. போடு.”

ஒரு திருப்பத்தில், அறுந்த வலையில் கால் சிக்கிய கொக்கு ஒன்று வேரில் தலைகீழாகத் தொங்கியது. சிறகடிக்கக்கூட முடியாமல் களைத்திருந்தது. பிரகாசி துடுப்பை நிறுத்தினாள்.

“என்னக்கா பண்ற? நேரமில்ல!”

“அதுவும் நம்மள மாதிரிதான்லே கெடக்குது. வேரப் பிடிச்சுக்க.”

கஸ்பார் முணுமுணுத்துக்கொண்டே வேரைப் பிடித்தான். பிரகாசி பல்லாலும் நகத்தாலும் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். துடுப்புச் சத்தம் இல்லை, கூப்பாடும் இல்லை. காடு முழுவதும் அமைதி. கொக்கு விடுபட்டுத் தடுமாறிப் பறந்தது.

டொக்... டொக்...

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மரத்தில் தகரம் மோதும் சத்தம்! காலையிலிருந்து அவர்களுடைய சொந்தச் சத்தமே அதை மூடியிருக்கலாம். இரக்கப்பட்டு நின்ற அந்தச் சிறு பொழுதில்தான் ஆண்டவர் அவர்கள் காதைத் திறந்தார்.

“எடது பக்கம்! போடுலே, போடு!”

அங்கே வேர்க்கூட்டத்தின் மேல் சாய்ந்து கிடந்தார் சந்தகுரூஸ். வேர்களுக்கிடையே விழுந்து கணுக்கால் முறிந்து வீங்கியிருந்தது. குரல் செத்துவிட்டது. கையில் இரை கொண்டுபோன தகர டப்பா மட்டும் இருந்தது.

“யாரு... பிரகாசியா?”

“நாங்கதாம்ப்பா! அசையாதீங்க!”

அவர் தண்ணீர் குடித்து முடித்ததும், கயாக்கை ஒட்டிப் பிடித்தார்கள். அவர் ஒற்றைக் காலால் ஏறப் பார்த்தார். வழுக்கி ஓடைக்குள் விழுந்தார்! வலியில் முனகினார். கஸ்பார் உடனே நீரில் குதித்து அவருடைய இடுப்பைத் தாங்கினான்.

“அந்தப் பக்கத்து விளிம்பப் பிடிங்கப்பா! வயித்தால சரிங்க! நான் தள்ளுறேன்!”

சரிந்தார், புரண்டார், உட்கார்ந்தார். தொட்டி கவிழவில்லை.

ஆனால் இருக்கை இரண்டு, ஆள் மூன்று. நீரோ வேகமாக வற்றிக்கொண்டிருந்தது.

“நீ ஏறுலே, நான் எறங்குறேன்” என்றாள் பிரகாசி.

“வேணாம். எனக்குத் துடுப்புப் போட இனி கை வராது. காலு மிச்சமிருக்கு” என்று சொல்லி, கயாக்கின் வாலைப் பற்றித் தள்ள ஆரம்பித்தான் கஸ்பார். நீர் இருந்த இடத்தில் நீந்தினான். இல்லாத இடத்தில் சேற்றில் நெஞ்சை வைத்து உந்தினான். பிரகாசி முன்னால் துடுப்பை ஊன்றி ஊன்றி இழுத்தாள். வாய்க்குள் ஜெபமாலை ஓடியது, பாதியில் மறந்தது, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

வெளிச்சம்! காடு முடிந்தது!

கழிமுகத்தில் மெஹருனும், கடலிலிருந்து திரும்பிய ஊர்க்காரர்களும் நின்றிருந்தார்கள். “ஆளு இருக்காரு!” என்று ஒருவர் அலற, எல்லோரும் நீருக்குள் இறங்கி ஓடி வந்தார்கள். சந்தகுரூஸைத் தூக்கிக் கரையில் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்ல ஆள் ஓடியது. “எப்படிடா கண்டுபிடிச்சீங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். “ஒரு கொக்குக்காக நின்னோம்” என்று மட்டும் சொன்னாள் பிரகாசி. யாருக்கும் அது விளங்கவில்லை. போகிற வழியில் செய்கிற சின்ன இரக்கம் நேரத்தைத் தின்றுவிடும் என்றுதான் நாமும் பயப்படுகிறோம்.

மெஹருன் பால் ஊற்றாத கட்டஞ்சாயா கொண்டுவந்து சந்தகுரூஸிடம் நீட்டினாள். அவர் குடிக்கவில்லை. பக்கத்தில் சேறும் நீருமாகக் கிடந்த மகனிடம் நீட்டினார். கஸ்பார் டம்ளரைப் பிடிக்கப் பார்த்தான். விறைத்துப்போன விரல்கள் மடங்கவே இல்லை.

அப்பா முழங்கையில் ஊன்றி நிமிர்ந்தார். டம்ளரை ஊதி ஆற்றி, சின்னப் பிள்ளைக்குப் புகட்டுவது போல அவன் வாயருகே பிடித்தார்.

“குடிய்யா. மெதுவாக் குடி.”