குரலில் மட்டும் வருகிற கணவர்

குளிர்காலத்துக்குப் போட்டுவைக்கும் விழுதுக்காகச் சுட்ட குடைமிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்தார். விதோசாவாவின் கணவர் ராடிசாவைப் போலவே காம்பைத் திருகினார், விதையைக் கட்டைவிரலால் வழித்தார், நடுநடுவே மூக்கை உறிஞ்சினார். அச்சு அசல். ஆனால் அவர் ராடிசாவ் இல்லை.

லெஸ்கோவாட்ஸ் ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் உயிரியல் கற்பித்தவள் அவள். மூளையின் பிடரி மடல் பார்க்கும், பொட்டு மடல் முகத்தை அறியும், நெற்றி மடல் நம்பலாமா என்று முடிவு செய்யும் என்று எத்தனை வகுப்புகளுக்குப் படம் வரைந்திருப்பாள்! கோடையில் வந்த பக்கவாதம் அவளுடைய பொட்டு மடலையே தொட்டுவிட்டது. முகம் தெரியும், அதோடு வரவேண்டிய நெருக்கம் வராது என்றார் டாக்டர். அவளுக்குத் தெரியாததா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

வீடு திரும்பிய அன்று, இவரை விருந்தாளி என்று எண்ணி, ஊர் வழக்கப்படி ஒரு கரண்டி பிளம் இனிப்பும் தண்ணீரும் நீட்டினாள். அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். இனிப்புக் கொடுத்து வரவேற்றவரை வெளியே போ என்று எப்படிச் சொல்வது? அப்படியே தங்கிவிட்டார்.

குரல் மூளைக்குள் வேறு வழியாகப் போகும் என்று டாக்டர் ஒரு வைத்தியம் சொல்லியிருந்தார். தினமும் நாலு மணிக்கு இந்த ஆள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உடனே போன் அடிக்கும். பேசுவது ராடிசாவ், அவளுடைய ராடிசாவ். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவள் மற்ற நேரத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

இன்று மூன்று மணிக்கே போன் அடித்தது.

"என்ன டீச்சரம்மா, மிளகாய் வாசனை தெருவரைக்கும் தூக்குது. எனக்கு மிச்சம் வெச்சிருக்கியா?"

"கிழவா! எங்க இருக்க நீ?"

"மாடிப்படி ஏறிக்கிட்டிருக்கேன். இனிப்பும் தண்ணியும் எடுத்து வை. என்னை உள்ள வான்னு கூப்பிட மாட்டியா?"

அவளுக்கு அழுகை முட்டியது. "வா. சீக்கிரம் வா."

எதிரே ஒரு மிளகாய் பாத்திரத்தில் நழுவி விழுந்தது.

"விதா, போன்ல யாரு?"

"என் புருஷன்."

அவருடைய இரண்டு கைகளிலும் கருகிய தோல் அப்பியிருந்தது. அவருடைய போன் மேஜைமேல் அணைந்து கிடந்தது.

"நான் இங்கதான இருக்கேன்?"

காதில் மூச்சு இரைத்தது. அதே மூச்சு வெளியே படியிலும் இரைத்தது. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. சொந்த வீட்டுக்காரன் ஏன் விருந்தாளியின் இனிப்பைக் கேட்க வேண்டும்? ஏன் கூப்பிடச் சொல்ல வேண்டும்? கூப்பிட்டாயிற்று.

காலடி வாசலில் நின்றது.

"திறக்காத," என்று அந்த ஆள் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிசுபிசுத்த விரல்கள் இறுகின. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெளுத்த முகம். பயந்த கண்கள். இத்தனை நாள் வராத நெருக்கம் நெஞ்சில் ஒரே அடியாக வந்து இறங்கியது.

ராடிசாவ். இவர்தான். இவரேதான்.

கைப்பிடி கீழே இறங்கியது. கதவு திறந்தது. வாசலில் ஒருவர் குனிந்து, நல்ல விருந்தாளியைப் போல, நிதானமாகக் காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முகம் இன்னும் நிமிரவில்லை.