ஃபாங் வென் பேசிய தமிழ்

சீனாவின் நிங்போ துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் ஒருவர் மொழியை இன்னொருவர் கேட்டதே இல்லை. பாரந்தூக்கிகளை இயக்கும் கட்டுப்பாட்டு அறையில் சீனர்களோடு பிலிப்பைன்ஸ்காரர்களும் பிரேசில்காரர்களும் இருந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து போன கிளாட்வினும் இருந்தான். எல்லோர் காதுக்குள்ளும் துவரம்பருப்பு அளவில் ஒரு மொழிச்செவி இருந்தது. வெளியிலிருந்து வரும் பேச்சை அது அடைத்துவிடும். அதன் பொருளை மட்டும் எடுத்து, பேசியவரின் குரலிலேயே, கேட்பவருடைய ஊர்ப் பேச்சில் சொல்லும்.

அதனால் கிளாட்வினுக்குச் சீன மேலதிகாரி திட்டுவதுகூடத் தூத்துக்குடித் தமிழில்தான் கேட்டது. "ஏல, அந்தப் பெட்டியக் கொண்டு எங்கல வச்ச?" என்று அவர் கத்தியபோது, வந்த புதிதில் கிளாட்வின் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடியிருக்கிறான். சந்தையில் கீரை விற்ற பெண் அவனை "வா ராசா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் "மழ வரும்போல இருக்கே" என்றார். ஊரை விட்டு வந்தது போலவே அவனுக்குத் தோன்றவில்லை. வருடங்கள் ஓடின. சீன மொழியில் ஒரு சொல்லைக்கூட அவன் கற்றுக்கொள்ளவில்லை. யாருமே எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மொழி கற்பித்த பள்ளிகள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன.

பேசுகிறவர் எந்த மொழியில் பேசுகிறார் என்று மொழிச்செவி பார்ப்பதில்லை. திக்கலும் தடுமாற்றமும் தப்பான உச்சரிப்பும் அதைத் தாண்டி உள்ளே வராது. இனி எவரும் எங்கேயும் அந்நியராகத் தெரிய மாட்டார்கள் என்று அதைச் செய்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஒரே ஒரு சங்கடம் இருந்தது. உதடு ஒரு விதமாக அசையும், குரல் வேறு விதமாகக் கேட்கும். உற்றுப் பார்த்தால் தலை சுற்றும். அதனால் உதட்டைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துப் பேச எல்லோரும் பழகியிருந்தார்கள்.

கிளாட்வினுக்கு அடுத்த இருக்கை ஃபாங் வென்னுடையது. திரையைப் பார்த்தபடி, தூரத்தில் நிற்கும் பாரந்தூக்கியின் கையை அவள் நகர்த்துவதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கும். வேலை முடிந்ததும் இருவரும் துறைமுக வாசலில் இருந்த அவள் அம்மாவின் நூடுல்ஸ் கடைக்குப் போவார்கள். மணப்பாட்டுக் கடற்கரையைப் பற்றியும், கிறிஸ்துமஸுக்கு அவன் அக்கா செய்யும் முந்திரிக்கொத்தைப் பற்றியும் அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். இவளைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்பதை கிளாட்வின் அறிந்தே இருந்தான். சொல்லத்தான் இல்லை. அவசரம் என்ன, பக்கத்திலேயேதானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டான்.

ஒரு மதியம் அவள் உணவுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் காதை மூடியிருந்த முடியைச் சரிசெய்தாள்.

"கிளாட்வின், இன்னைக்கு என் தமிழ் எப்படி இருக்கு?"

அவன் சிரித்தான். மொழிச்செவியில் ஏதாவது புதுப்பிப்பு வந்தால் எல்லோரும் இப்படித்தான் ஒருவரையொருவர் கேலியாகக் கேட்டுக்கொள்வார்கள்.

"எப்பவும் போலத்தான். எங்கூர்ப் பிள்ள மாதிரியே பேசுத."

"எப்பவும் போலயா?"

"பின்ன?"

அவள் குச்சிகளை எடுத்துக்கொண்டாள். குனிந்து கிண்ணத்தையே கிளறிக்கொண்டிருந்தாள். கல்லாவிலிருந்த அவள் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சூப்பில் உப்பு கூடிவிட்டது போலிருக்கிறது என்று கிளாட்வின் நினைத்துக்கொண்டான்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குச் செங்டு நகரத்தில் வேலை கிடைத்தது. கடைசி நாளன்று துறைமுக வாசல் வரை அவனோடு நடந்து வந்தவள், "போகட்டுமா?" என்று கேட்டாள். போகாதே என்ற சொல் அவன் தொண்டை வரை வந்தது. சீனப் புத்தாண்டு வசந்த விழாவுக்கு ஊருக்கு வருவாளே, அப்போது நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டான்.

"நல்ல ஊராம்லா. போயிட்டு வா," என்றான்.

வசந்த விழாவுக்கு அவள் வரவில்லை. பிறகு அங்கேயே கல்யாணமாகி ஒரு பெண்ணும் பிறந்தாள். அதை அவளுடைய அம்மாதான் அவனிடம் சொன்னார்.

சில வருடங்கள் கழித்து ஒரு பெரும் சூறாவளி அடித்தது. மொழிச்செவிகளுக்கு உயிர் கொடுக்கும் மொழிக்கூடம் கடற்கரையில் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்ததும் நகரத்தில் இருந்த மொழிச்செவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன. கிளாட்வின் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தான். முதல்முறையாக அவன் காதில் சீனா விழுந்தது. கீரைக்காரி அவனைப் பார்த்து எதையோ கத்தினாள். எச்சரிக்கிறாளா, ஆறுதல் சொல்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் வாழ்ந்த தெருவில் அவனுக்குப் பயமாக இருந்தது. தெரிந்த முகத்தைத் தேடி நூடுல்ஸ் கடைக்குப் போனான்.

ஃபாங் வென்னின் அம்மா கடைக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் சீனத்தில் ஏதோ சொன்னார். அவன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினான். அவர் கொஞ்சம் யோசித்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்.

"வா…ங்க. உக்காலுங்க."

கருவி உயிர்பெற்றுவிட்டது என்று நினைத்து அவன் காதைத் தடவினான். காது வெறுமையாக இருந்தது.

"ஒங்களுக்குத் தமிழ் எப்படித் தெரியும்?"

அவருக்கு அது விளங்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவும் இடத்தைக் காட்டி, "ஃபாங் வென்" என்றார். விரல்களைக் குவித்து விரித்து, வாய் ஓயாமல் பேசுவதைப் போல் காட்டினார். பிறகு, பொருள் தெரியாத பாட்டை ஒப்பிக்கும் குழந்தையைப் போல, அங்கே நின்று பலமுறை கேட்டு மனதில் தங்கியதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

"வணக்கம். சாப்புட்டியா. கடல் பெலிசு. என் தமிழ் எப்படி இலுக்கு. என் தமிழ் எப்படி இலுக்கு."

கிளாட்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். காலைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மொழிக்கூடம் சரியானதும் அவன் மறுபடி கடைக்கு ஓடினான். இப்போது அவர் பேசியது தூத்துக்குடித் தமிழில் தெளிவாகக் கேட்டது.

"எங்கயோ பழைய வானொலிப் பதிவெல்லாம் தேடிப் புடிச்சிக் கத்துக்கிட்டா. வருசக்கணக்கா, கட மூடி நாங்க கருவியக் கழத்தினப்புறம், பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதே பேச்சுதான். அன்னைக்கு ஒன்கிட்ட அவ வாயாலயே தமிழ் பேசினா. அவ காதுலயும் கருவி கெடையாது. நீ எப்பவும் போலன்னுட்ட."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நானும் அதத்தான் கேட்டேன். சொல்லிக்காட்டவா கத்துக்கிட்டேன்னா. அவனா கவனிக்கணும்னா."

அன்று மாலை கிளாட்வின் செங்டுவுக்குப் பேசினான். மொழிச்செவியை மேசைமேல் கழற்றி வைத்திருந்தான்.

"ஃபாங் வென், என் காதுல ஒண்ணும் இல்ல. ஒன் அம்மா எல்லாம் சொன்னாங்க. எனக்காகக் கொஞ்சம் தமிழ்ல பேசு."

மறுமுனையில் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"நான்… தமிழ்… மலந்து போச்சு," என்றாள் அவள்.

அவன் அறிந்த குரல்தான். ஆனால் இப்படி ஒவ்வொரு சொல்லாகத் தடவித் தடவி வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பரவால்ல. பேசு."

"பெலிய மழை… நீ நல்லா இலுக்கியா?"

"இருக்கேன்."

"அம்மா கடை?"

"தண்ணி வடிஞ்சிட்டு."

அவள் மெல்லச் சிரித்தாள். பிறகு அவளுக்குத் தமிழ் தீர்ந்துபோனது போலிருக்கிறது, சீனத்துக்கு மாறினாள். நிறுத்தாமல் பேசினாள். நடுநடுவே அவன் பெயர் வந்தது. ஓரிடத்தில் குரல் தழுதழுத்தது. மேசைமேல் இருந்த மொழிச்செவியைக் காதில் வைத்திருந்தால் அவ்வளவும் விளங்கியிருக்கும். அவள் தன் மொழியில் சொல்வதையும் ஒரு கருவி திருத்திச் சொல்லித்தான் கேட்க வேண்டுமா என்று அவன் கையை நீட்டவில்லை. அவள் பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். பதிலுக்குச் சொல்ல அவள் மொழியில் அவனிடம் ஒரு சொல்கூட இல்லை.

"சரி," என்றான் தமிழில்.

அவளும், "சலி," என்று இணைப்பைத் துண்டித்தாள்.

அதன்பிறகு கிளாட்வின் சீனம் கற்க ஆரம்பித்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்தான். ஒரே ஓசையை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் இன்னொரு பொருள். நாக்கு மடங்கவில்லை. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினான். அவளிடம் மறுபடி பேசும் தைரியம் அவனுக்கு வரவில்லை. இன்னொரு குடும்பத்தின் நடுவே போய் நிற்பதில் நியாயமும் இல்லை. அவள் அம்மாவிடமாவது அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

ஒரு வசந்த காலப் பகலில் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனான். அவன்முன் சூப்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். கிளாட்வின் மூச்சை இழுத்துக்கொண்டான். தன் வாயால், சீனத்தில், தடுமாறித் தடுமாறிச் சொன்னான்:

"அம்மா, உங்கள் மகள் பேசியதை நான் கேட்டிருக்க வேண்டும்."

அவர் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இளகியது.

"அது முடிஞ்ச கதைல்லா மக்கா. வெசனப்படாத. சூப்பு ஆறுது, குடி."

சொன்ன சேதிக்குப் பதில் வந்துவிட்டது. சொன்ன மொழி அவரை எட்டவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக அவர் காதிலிருந்த மொழிச்செவி, அவனுடைய உடைந்த சீனத்தை எடுத்து நல்ல நிங்போப் பேச்சாக்கி அவருக்குக் கொடுத்திருந்தது.

அதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிளாட்வின் சொல்லவில்லை. கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தான். பிறகு அதே வாக்கியத்தை முன்னைவிட மெதுவாக, உதடுகள் நன்றாகத் தெரியும்படி, இன்னொருமுறை சொன்னான். சொல்லிவிட்டு, அவராகக் கவனிக்கட்டும் என்று காத்திருந்தான்.