உப்பு பங்களாவில் காய்ச்சிய பால்

“பாத்துக்கோன்னு சொல்லிட்டுத்தானே வெளிய போனேன்—”

“எப்ப சொன்ன? நீ சொன்னது அளக்கற டேப்ப பாத்துக்கோன்னு—”

“டேப்பு இன்னா பொங்கி வழியுமா? பாலத்தான் சொன்னேன். பொங்க வுட்டது நீ.”

“நானா? கல்லு கூட்டி அடுப்பு வெச்சது யாரு? பாக்கிட்ட பல்லால கடிச்சி ஊத்தனது யாரு? டீ வேணும்னு கேட்டது மட்டுந்தான் நா. மிச்சமெல்லாம் நீதான், அண்ணி.”

தேவயானி அடுப்பைப் பார்த்தாள். நாத்தனார் சுமித்ரா சொன்னது உண்மை. மூன்று உடைந்த செங்கல், கீழே வேலிக்காத்தான் சுள்ளி, மேலே அவள் கொண்டுவந்த சின்ன அலுமினியப் பாத்திரம். பால் பொங்கி, ஒரு பக்கமாக வழிந்து, அடுப்பை அவித்துவிட்டு, நூறு வருஷத்துத் தரையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. கருகிய பால் வாடை சமையலறை முழுக்க நின்றது.

சுமித்ரா குனிந்து பார்த்தாள். “கிழக்கால பொங்கிக்கீது. நல்ல சகுனம். குடித்தனம் வந்துடலாமா?”

“வாய கழுவு.”

நகரிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. புது வீட்டில் கால் வைத்ததும் முதலில் பால் காய்ச்ச வேண்டும். அது பொங்கி வழிய வேண்டும். வழிந்தால் வீடு உன்னுடையது, நீ வீட்டினுடையவள். தேவயானி கல்யாணமான நாளிலிருந்து ஏழு வாடகை வீட்டில் பால் பொங்க வைத்தவள். இன்றைக்கு டீ நினைப்பில் அந்த யோசனையே அவளுக்கு வரவில்லை.

தேவயானியின் புருஷன் செங்கல்வராயனுக்குப் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டுத் தருகிற வேலை. இடிந்து போவதற்குள் வரைந்து வைக்கிறோம் என்று ஒரு அறக்கட்டளை வருஷத்துக்கு நாலைந்து கட்டடம் கொடுக்கும். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, நகரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அவன், ஊர் ஊராய்ப் போய் டேப் பிடிப்பது பெண்டாட்டியும் தங்கச்சியும் என்றாகிவிட்டது. தங்கச்சி சுமித்ராவைக் கட்டியவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீகாளஹஸ்தியில் வேறொருத்தியோடு போய்விட்டான். அன்று முதல் அவள் அண்ணன் வீட்டில்தான். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் சண்டை வராத நாள் கிடையாது, ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி சாப்பிட்ட நாளும் கிடையாது.

இந்தத் தடவை வந்தது பழவேற்காடு ஏரிக்குள் ஒரு திட்டுக்கு. வெள்ளைக்காரர் காலத்தில் உப்பளத்தை மேற்பார்க்க வந்த அதிகாரிக்குக் கட்டிய பங்களா. கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர் இரண்டடி கனம். கதவுகளை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நிலைகள் மட்டும் நின்றன. வெளியே ஏரி கண்ணைக் கூசும். உள்ளே நுழைந்தால் பட்டப்பகலில் கை தெரியாது. தடாவுக்குப் பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் படகு. ஓட்டி வந்த போலய்யா மணலில் கால் வைக்கவில்லை. “பொய்யி மாத்ரம் முட்டிஞ்சொத்தம்மா” என்று இரண்டு முறை சொன்னான். அடுப்பு மட்டும் மூட்டாதே அம்மா, என்று.

“பத்திக்கினா நம்ம மேல கேஸ் வரும்னு சொல்றான்” என்றாள் சுமித்ரா. இருவரும் அப்படியேதான் நினைத்தார்கள்.

மிச்சப் பாலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருக்கும்போது, கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

ஆம்பளைக் கனைப்பு. வேலையிலிருந்து வீடு திரும்பியவன், வந்துவிட்டேன் என்று உள்ளே இருப்பவளுக்குத் தெரியப்படுத்துவது போல.

“பெருச்சாளி” என்றாள் சுமித்ரா, மெதுவாக.

“பெருச்சாளி கனைக்குமா?”

“கனைக்காது. இருந்தாலும் பெருச்சாளின்னே வெச்சிக்குவோம். டீய குடி.”

கூடத்தில் யாரும் இல்லை. காலையில் உத்தரம் முழுக்கத் தொங்கிய வௌவால்கள்கூட இல்லை.

அளக்கிற வேலையில் ஒரு சட்டம் உண்டு. வெளிச்சுவரை நீளவாக்கில் அளந்து எழுத வேண்டும். பிறகு உள்ளே ஒவ்வொரு அறையாக அளந்து, இடைச்சுவர்களின் கனத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அரை அங்குலம், ஒரு அங்குலம் தவறலாம். வெளி நீளத்தைக் காலையிலேயே எடுத்திருந்தார்கள், அறுபத்திரண்டு அடி. உள்ளே அளந்து முடித்து சுமித்ரா கூட்டிப் பார்த்தாள்.

“எழுபத்தொண்ணு வருது.”

“கூட்டத் தெரிலன்னா போன்ல போடு.”

“போன்லதான் போட்டேன். நீ டேப்ப தொங்க வுட்டுட்ட.”

“தொங்க வுட்டா அரை அடி வரும். ஒம்போது அடி எப்பிடிடி வரும்?”

மறுபடி அளந்தார்கள். சுமித்ரா நுனியைப் பிடித்தாள், தேவயானி சத்தமாகப் படித்தாள். இந்த முறை ஒவ்வொரு எண்ணையும் இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள்.

உள்ளே ஒன்பது அடி கூடியிருந்தது.

சமையலறைக்குப் பின்னால், காலையில் ‘வெடிப்பு விட்ட சுவர்’ என்று தேவயானியே குறித்து வைத்திருந்த இடத்தில், ஒரு வாசல் இருந்தது. அதற்கப்பால் ஓர் அறை. ஈரச் சுண்ணாம்பு வாசம். தரையில் துடைப்பக் கோடுகள் இன்னும் கலையவில்லை. குறுக்கே துணி போடக் கொடி கட்டியிருந்தது. மாடத்தில் விளக்கு, எண்ணெய் ஊற்றி, புதுத்திரி போட்டு, ஏற்றாமல்.

யாரோ ஒருத்திக்காக ஒழித்து வைத்த அறை.

“அண்ணி” சுமித்ரா அவள் முழங்கையைப் பிடித்தாள். “வெளிய போய்டலாம்.”

பின்கட்டில் தூர்ந்த கிணற்றுப் பக்கம்தான் போனுக்கு சிக்னல் வரும். அங்கே போய் நின்றதும் போன் அடித்தது. மருமகன் கிஷோர், மகள் காவ்யாவின் புருஷன்.

“அத்தை, எத்தினி தபா அடிக்கறது? காவ்யாவுக்கு வலி எடுத்துடுச்சி. புத்தூர் ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம்.”

“இன்னும் பத்து நாள் கீதுன்னாங்களே.”

“பிரஷர் ஏறிக்கினு இருக்குதாம். ஆப்பரேசன் பண்ணணுன்றாங்க. அம்மா வந்தாத்தான் உள்ள போவேன்னு அழுதுக்கினு கீறா. எப்பிடியாவது வந்துடுங்க.”

தேவயானி போலய்யாவை போனில் கூப்பிட்டாள். ஏரியில் தண்ணீர் இறங்கியிருக்கிறதாம், படகு தரை தட்டுமாம். “மூடிண்டிகி ஒஸ்தாம்மா” என்றான். மூன்று மணிக்கு வருகிறேன். அப்போது மணி ஒன்று.

உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் எங்கே உட்காருவது? முன்வாசல் படியில், நிலையின் நிழலில் உட்கார்ந்தார்கள். தேவயானியால் உட்கார முடியவில்லை. எழுந்தாள், நடந்தாள், ஏரியைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். முதல் பிரசவம். இரத்தக் கொதிப்பு. இருபத்திரண்டு வயசுக் குழந்தை. அந்த நினைப்புக்கு நடுவில் வேறு ஏதேதோ ஓடியது. அந்தக் கொடி கொஞ்சம் தாழ்வு, ஏற்றிக் கட்ட வேண்டும். கூடத்து மூலையில் ஒட்டடை விட்டுப்போயிருக்கிறது.

“கைய பாரு” என்றாள் சுமித்ரா.

தேவயானி பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் மஞ்சள். அவள் உட்கார்ந்திருந்த வாசற்படி, கழுவி மஞ்சள் பூசி, ஈரமாக இருந்தது.

“நீ பூசனியா?” என்று கேட்டாள்.

“நீதான் பூசன, அண்ணி. இப்ப. எங்கண் முன்னாடி. கூப்பிட்டேன், திரும்பவே இல்ல.”

பின்கட்டில், அந்தத் தூர்ந்த கிணற்றிலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. மொண்டு, ஊற்றி, மொண்டு, ஊற்றி, அவசரமில்லாமல்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படகின் டுபுடுபு சத்தம் வந்தது. சுமித்ரா கரைக்கு ஓடினாள். தேவயானிக்குப் பை ஞாபகம் வந்தது. கூடத்தில், வாசலுக்கு நாலடி தள்ளித்தான் இருந்தது. பர்ஸ் அதில், ஆஸ்பத்திரிக்குக் கட்ட வைத்திருந்த கார்டு அதில். எட்டி எடுத்துவிடலாம்.

எடுத்தாள். திரும்பினாள். வாசலைத் தாண்டினாள்.

சமையலறைக்குள் நின்றாள்.

மூன்று செங்கல். காய்ந்து ஒட்டிய பால். வழி மாறிவிட்டது என்று நினைத்து, கூடத்துக்கு வந்து, வெளிச்சம் தெரிகிற வாசலைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஏரி தெரிந்தது. படகு தெரிந்தது. சுமித்ரா கையாட்டுவது தெரிந்தது. காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

சமையலறை.

மூன்றாம் முறை நிலையைக் கையால் பிடித்துக்கொண்டு தாண்டினாள். கையில் பிடித்திருந்தது சமையலறை நிலை.

கூடத்தில் யாரோ நிதானமாக நடந்தார்கள். அந்தப் புது அறையின் வாசலில் வந்து நின்றார்கள். உப்புக்காற்றும் வியர்வையுமாக ஒரு வாடை. யாரும் தெரியவில்லை. காத்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது.

“வுட்டுடு” என்றாள் தேவயானி. “எம் பொண்ணுக்கு வலி எடுத்துக்கீது. நா போகணும். எம் பொண்ணு...”

பேர் வரவில்லை.

“எம் பொண்ணு...”

சுமந்து பெற்று, தொட்டிலில் போட்டு, அவளே காதில் மூன்று முறை சொன்ன பேர். நாக்கு நுனிவரைக்கும்கூட வரவில்லை. அந்த இடத்தில் வேறு வந்தது. ராத்திரிக்கு இரண்டு ஆழாக்கு அரிசி போட்டால் போதும், அவர் அதிகம் துன்ன மாட்டார்.

எந்த அவர்?

இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் பொண்ணு என்ற சொல்லும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே ஒருத்தி அம்மா வந்தால்தான் உள்ளே போவேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். யார் அவள் என்பது மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் தேவயானி சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் புறம் பேசுகிற குரலில், ஒரு மூச்சில் சொன்னாள்.

“பால் வெச்சது நா இல்ல. எம் நாத்தனா. சுமித்ரா. அடுப்பு கூட்டனதும் அவதான், பொங்க வுட்டதும் அவதான். எனக்கு வூடு கீது, புருஷன் கீறான். அவளுக்குத்தான் ஒண்ணும் இல்ல. அவள கேளு.”

கிணற்றுச் சத்தம் நின்றது.

பிறகு, சரி என்பது போல, அந்தக் கனைப்பு.

தேவயானி ஓடினாள். வாசலைத் தாண்டினாள். வெயில் முகத்தில் அறைந்தது. மணல் காலைச் சுட்டது. அந்தச் சூட்டைப் போல நிம்மதியான ஒன்றை அவள் வாழ்நாளில் உணர்ந்ததில்லை.

“பை எடுக்க இத்தினி நேரமா?” என்றாள் சுமித்ரா, படகிலிருந்து கை கொடுத்து.

போலய்யா இருவரையும் பார்த்தான். முதலில் தேவயானியை. பிறகு சுமித்ராவை, ரொம்ப நேரம். இன்ஜினைத் திருகினான்.

திட்டு சின்னதாகிக்கொண்டே போனது. தேவயானி திரும்பிப் பார்க்கவில்லை. போனைப் பிடித்தபடி சிக்னல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடு ஏரியில் ஒரு கோடு வந்தது, இரண்டு வந்தது, போன் அடித்தது.

“அத்தை, பொண்ணு பொறந்துக்கீது. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க. காவ்யா கண்ணு முழிச்சிட்டா. அம்மா எங்கன்னுதான் கேட்டா.”

காவ்யா. காவ்யா. காவ்யா. தேவயானி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதபடியே பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “பொண்ணுடி. பேத்தி. நல்லாக்கீறாங்களாம். ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் புத்தூருக்குப் போய்டலாம். கேக்குதா, சுமி?”

சுமித்ரா சிரித்தாள். ஒன்பது வருஷமாக அந்த முகத்தில் பார்க்காத அமைதி. காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திட்டு இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு சூரியன் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள். அண்ணியின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ரொம்பத் தன்மையாகக் கேட்டாள்.

“கொழந்தைய பாத்துட்டு, நாளைக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள என்ன எங்க வூட்ல கொண்டாந்து வுட்டுடுவல்ல, அண்ணி?”