முடிச்சில்லாத ஏப்ரன்

ஐப்பசி மழையில் பஸ் ஏறினால் யார் குடை யார் முதுகில் சொட்டுகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் போகிற சாயங்கால பஸ் அது. ஜன்னலோரம் இடம் பிடித்திருந்த கமலவல்லி, மடியில் இருந்த துணி மூட்டையைத் தன் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். தான் நனைந்தால் பரவாயில்லை, மூட்டை நனையக் கூடாது. அதற்குள் மீன் வெட்டும் பெண்களுக்காக அவள் தைத்த ஏப்ரன்கள் இருந்தன.

பக்கத்தில் நின்றவன் கையில் ஒரு தூக்குவாளி. ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓட, டிரைவர் பிரேக் போட, வாளியின் மூடி ஒரு பக்கம் பறந்தது. குழம்பு வேறு எங்கேயும் போகாமல் நேராக அவள் மூட்டை மேல் இறங்கியது.

"தெரியாம கொட்டிடுச்சுங்க..."

"தெரிஞ்சு யாராவது கொட்டுவாங்களா?"

அவன் சட்டை நுனியால் துடைக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க. இன்னும் பரவும்."

"வத்தக்குழம்புதாங்க. அலசினா போயிடும்."

"நல்லெண்ணெய், மஞ்சள், புளி. இதுல எது போகும்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "புளி போகும்."

கமலவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். கோபத்தில் இருக்கும்போது சிரித்துவிட்டால் அப்புறம் கோபத்துக்கு என்ன மரியாதை? நிமிர்ந்து நன்றாக முறைப்போம் என்று பார்த்தாள். அடுப்புப் புகையில் சிவந்த கண்கள். மழைத்தண்ணீர் புருவத்தில் நின்று ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. அடி வாங்கத் தயாராக நிற்கும் பையனைப் போல அவன் இமைக்காமல் நின்றான். முறைக்க வந்த பார்வை, போன காரியத்தை மறந்து அங்கேயே கொஞ்ச நேரம் தங்கிவிட்டது...

சட்டென்று கண்ணை இறக்கினாள். அது போய் அவன் சட்டையில் நின்றது. இடுப்புக்கு மேலே, இடது பக்கம் மட்டும், மஞ்சளும் எண்ணெயும் படிந்த பழைய கறை.

"கல்யாணச் சமையலா?"

"ஆமா."

"இடக்கைப் பழக்கமா?"

"எப்படித் தெரியும்?"

"கறை இருக்கிற இடத்தைப் பாருங்க. அந்தக் கையைத்தான் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கீங்க."

அவன் தன் சட்டையையே துரோகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இறங்க வேண்டிய இடம் வந்ததும், மூட்டையிலிருந்து எட்டிப் பார்த்த ஏப்ரன்களைப் பார்த்து, "உங்க தையல் கடை எங்கங்க?" என்றான்.

"மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்துல. எதுக்கு?"

"சும்மாதான்..." என்று மழையில் இறங்கிப் போனான். சும்மா கேட்கிறவன் இரண்டு தடவை திரும்பிப் பார்ப்பானா என்பதை அவள் வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள்.

ஏப்ரன் தைப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டவர்கள் உண்டு. ஜாக்கெட் தை, நாலு காசு நிற்கும் என்றார்கள். கமலவல்லி ஜாக்கெட்டும் தைத்துப் பார்த்தாள். அதில் அவளுக்கு ருசி வரவில்லை. அம்மா எல்லையம்மாள் மீன் விற்று வீட்டுக்கு வரும்போது வயிற்றுப்பக்கம் சேலை நனைந்து விறைத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் முதல் ஏப்ரனைத் தைத்தாள். அதைப் பார்த்து, அம்மாவோடு மீன் விற்கும் நாகம்மாள் கேட்டாள். அப்புறம் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஹமீதா பானு கேட்டாள்.

எல்லாருக்கும் ஒரே ஏப்ரன் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. வருகிறவர் பழைய உடுப்போடு வர வேண்டும். கறை எங்கே விழுந்திருக்கிறது, கை எங்கே துடைக்கிறது என்று பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பாள். மீன் வெட்டுகிறவருக்கு வயிற்றில் ரெக்சின் வைத்த கனத் துணி. டீ மாஸ்டருக்குக் கொதிக்கும் பால் தெறிக்கிற மார்பு வரைக்கும் இரட்டைத் துணி. தைத்ததை மாட்டிப் பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் ஒரு தடவை குனிந்து நிமிர்வார்கள். எங்கேயும் இழுக்காது. முகம் மலரும். அந்த ஒரு மலர்ச்சிக்காக அவள் நாள் முழுக்க மெஷினை மிதிப்பாள்.

அடுத்த வாரமே அவன் கடை வாசலில் வந்து நின்றான். பெயர் முருகையன்.

"கறைக்கு ஈடா ஆர்டர் கொண்டாந்திருக்கேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஏப்ரன் வேணும்."

ஆட்சி மாறி, சுவரெழுத்தெல்லாம் வேறு நிறத்துக்குப் போயிருந்த வருடம் அது. ஒன்றியச் செயலாளர் வீட்டுக் கல்யாணம், மந்திரி வருகிறார், சமையல்காரர்கள் சுத்தமாக ஏப்ரன் கட்டி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். முருகையன் தன் பெயரில் பிடித்த முதல் காண்ட்ராக்ட்.

"சரி, கிண்டுங்க" என்றாள் கமலவல்லி.

"எதை?"

"அண்டா இருக்கிறதா நினைச்சுக்கிட்டு கிண்டுங்க. நான் பாக்கணும்."

அளவுக் கட்டையைத் துடுப்பாகப் பிடித்து அவன் காற்றில் கிண்டினான். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன கிண்டுறீங்க?"

"கேசரி."

"அப்ப இன்னும் வேகமா கிண்டணும். அடி பிடிச்சிடும்."

ஆண்களுக்கு அளவெடுக்கும்போது டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவது அவள் வழக்கம். தள்ளி நின்று, எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வாள், எண்ணைப் படிப்பாள். இவன் எங்கே வைக்கச் சொன்னாலும் தப்பாகவே வைத்தான். கடைசியில் அவளே ஒரு நுனியைப் பிடித்துச் சரி செய்ய வேண்டியதாயிற்று. விரல்கள் பட்டன. ஒரு வினாடிதான்... அந்த எண்ணை எழுதாமலே விட்டுவிட்டாள். அந்த அளவை மறுபடி கொடுக்க அவன் மறுநாளும் வர வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் எதற்கு வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

மற்றவர்களுக்கெல்லாம், அவன் கொண்டுவந்து கொடுத்த பழைய சட்டைகளைப் பார்த்து அவரவர்க்கு ஏற்றபடி தைத்தாள். இவனுக்கு மட்டும், கை துடைக்கிற அந்த இடது இடுப்பில், சிவப்புக்கரை போட்ட நல்ல துண்டு ஒன்றை வெட்டி மடித்துத் தொங்கவிட்டுத் தைத்தாள். யாரும் கேட்காத வேலை. வாயால் சொல்ல முடியாததைத் தையலில் சொல்லிவிட்ட வெட்கத்தோடு, அதை மட்டும் நடுவில் ஒளித்து மடித்துக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் முருகையன் வரவில்லை. அவனோடு சமைக்கும் ரெத்தினம் வந்தார். அந்த ஒரு ஏப்ரனை மட்டும் மேஜையில் வைத்தார்.

"அண்ணே, அளவு சரியில்லையா?"

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. வேண்டாம்னுட்டான்."

"ஏன்?"

"கேட்டா சொல்லமாட்டேங்கிறான்."

கமலவல்லிக்கு முகம் சுட்டது. துண்டு வைத்துக் காட்டிய பிரியம் அதிகப்பிரசங்கித்தனமாகப் போய்விட்டதோ? மீன்காரி மகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பானோ? பிடிக்காவிட்டால் நேரில் வந்து சொல்ல வேண்டியதுதானே. அளவு கொடுக்க மட்டும் கால் வந்ததா... மூன்று நாள் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள், அழுது முடித்த எரிச்சலோடு, கேட்டே விடுவது என்று அவன் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

வாய்க்கால் கரையில் ஒரு பெரியவர் மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. தோளில் மட்டும் வெள்ளைத் துண்டு, ஒரு பொட்டுச் சேறு இல்லாமல்.

"முருகையன் வீடு எதுங்கய்யா?"

"அய்யான்னு கூப்பிடாத பாப்பா. அந்த வார்த்தைய என் பங்குக்கு நான் நெறையச் சொல்லித் தீத்துட்டேன். அவன் அப்பன்தான் நான், வீரையன். நீ யாரு?"

"ஏப்ரன் தைச்சவ."

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

"அந்தத் துண்ட வச்சது நீதானா?"

"ஆமா. கை துடைக்க வசதியா இருக்கும்னுதான்..."

"இடுப்புல துண்டு. எம் மவனுக்கு." கோபமே இல்லாமல்தான் சொன்னார். "உனக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க காலத்துல மிராசு வீட்டு வாசல்ல நிக்கணும்னா, தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் நிக்கணும். மறந்தா அடி. நான் ஒரு நா மறந்தேன். அப்புறம் செங்கொடி வந்துச்சு. கூலி கேட்டோம். உபரி நெலத்துல எறங்கி நட்டோம். புடிச்சு உள்ள வச்சாங்க. இந்தா நிக்கிறியே, இதுக்குப் பட்டா வாங்க எத்தன தாசில்தாரப் பாத்திருப்பேன். ஜெயில்லேருந்து வந்த அன்னிக்கித் தோள்ல போட்ட துண்டு. வேலையில கூட எறக்குறதில்ல."

கமலவல்லியின் பார்வை அந்த வெள்ளைத் துண்டுக்குப் போனது.

"மத்தவங்க கட்டிக்கிறது அவங்க இஷ்டம். பெரிய மனுசங்க சாப்புடுற எடத்துல எம் மவன் இடுப்புல துணியக் கட்டி முடிச்சுப் போட்டு நிக்கிறத என்னால பாக்க முடியாது. அவங்கிட்ட சொன்னேன். காண்ட்ராக்ட் போனாலும் பரவாயில்ல, கட்டலன்னுட்டான்."

"அதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"எங்கப்பன் இடுப்புல துண்டு கட்டி நின்னவன்னு உங்கிட்ட வந்து சொல்லணுமா? அவனுக்கு வாய் வருமா?" பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஊருல எல்லாரப் பத்தியும் வீட்டுல பேசுவான். ஏப்ரன் தைக்கிற புள்ளயப் பத்தி மட்டும் ஒரு வார்த்த வராது. அதுலேருந்துதான் எனக்குச் சந்தேகம்."

வந்த கோபமெல்லாம் வாய்க்கால் தண்ணீரோடு போய்விட்டது. திரும்பும் பஸ்ஸில் அவள் கை, மடியில் விரலால் ஏதோ வெட்டிக்கொண்டே வந்தது.

இடுப்பில் கயிறு இருக்கக் கூடாது. முடிச்சு இருக்கக் கூடாது. ஆனால் அண்டா மேல் குனிந்தால் துணி நெருப்பில் தொங்கவும் கூடாது. பழைய செய்தித்தாளில் வெட்டி வெட்டிப் பார்த்தாள். முதலில் வந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை. அடுத்தது தலையணை உறை. அதற்கப்புறம், தோளிலிருந்து இறங்கும் இரண்டு அகலப் பட்டைகளை முதுகில் குறுக்கே போட்டுப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தாள். தலை வழியாக மாட்டினால் போதும், தானாக உடம்போடு நின்றது. துண்டை இடுப்பிலிருந்து பிரித்து இடது தோளில் வைத்துத் தைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தவள் எந்த இடத்தில் முணுமுணுத்துப் பாட ஆரம்பித்தாள் என்பது மெஷினுக்குத்தான் தெரியும். அத்தனை சந்தோஷமாக அவள் எதையும் தைத்ததில்லை.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்துக்குப் போகாமல் முதலில் வீரையனிடம் போனாள்.

"நீங்க போட்டுப் பாருங்க மாமா."

அந்த 'மாமா' அவருக்குக் கேட்டது. கேட்காத மாதிரி ஏப்ரனை வாங்கி மாட்டினார். குனிந்தார், நிமிர்ந்தார். இரண்டு கையாலும் இடுப்பைச் சுற்றித் தடவித் தேடினார்.

"முடிச்சு எங்க?"

"இல்ல மாமா."

அவர் கை, இடது தோளில் தைத்திருந்த துண்டை ஒரு தடவை நீவிப் பார்த்தது. பிறகு கழற்றி, தானே மடித்து அவளிடம் நீட்டினார்.

"நீயே போய்க் குடு. நான் குடுத்தா அவன் எம் மூஞ்சிக்காகப் போடுவான்."

மண்டபத்துச் சமையற்கட்டில் புகையும் ஆவியும். முருகையன் வெறும் சட்டையோடு சாதத்து அண்டா முன்னால் நின்றான். அவளைப் பார்த்ததும் துடுப்பு நின்றது.

"அப்பாவைப் பாத்துட்டேன். எல்லாம் சொன்னாங்க."

அவன் தலை குனிந்தது. "சொன்னா நீங்க எங்களைக் குறைச்சு நினைப்பீங்களோன்னு..."

"எங்கம்மா கூடையோட பஸ்ல ஏறினா பக்கத்துச் சீட்டு காலியாயிடும். அதை நான் உங்ககிட்ட சொன்னேனா? நானும்தான் மறைச்சேன்." ஏப்ரனை நீட்டினாள். "இது தோள்லேருந்து வர்றது. அப்பா போட்டுப் பாத்துட்டுத்தான் அனுப்பினாங்க."

அவன் மாட்டிக்கொண்டான். தன்னை அறியாமல் குனிந்து நிமிர்ந்தான். முகம் மலர்ந்தது... எத்தனையோ முகங்களில் பார்த்த மலர்ச்சிதான். ஆனால் இந்த முகத்தில் பார்த்தபோது கமலவல்லிக்குக் கண் கலங்கியது. இனிச் சொல்லாமல் போனால் என்றைக்கும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களின் கத்திச் சத்தம் மொத்தமாக நின்றது. முருகையன் அவளைப் பார்த்தான், அண்டாவைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான்.

"சாதம் பதம் வந்துடுச்சுங்க... இப்ப விட்டா குழைஞ்சிடும். வடிச்சுட்டு வந்து பதில் சொல்லவா?"

"வடிங்க. நான் நிக்கிறேன்."

அவன் வடித்தான். ரெத்தினம் ஒரு பக்கம் பிடிக்க, ஒரு பருக்கை கீழே விழாமல், இருக்கிற பொறுமையெல்லாம் சேர்த்து வடித்தான். அவ்வளவு நேரமும் கமலவல்லி கஞ்சி ஆவிக்கு நடுவில் நின்றாள். ஓடிவிடலாமா என்று ஒரு மனம் சொன்னது. கால் கேட்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். வேர்த்துக் கொட்டியது. பார்வையை மட்டும் தாழ்த்தவில்லை.

"பஸ்ல உங்களைப் பாத்த அன்னிலேருந்து எனக்கு வேற நினைப்பு இல்ல. அப்பாவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன், பொண்ணு கேட்டு. வரலாமா?"

கமலவல்லி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில வேண்டாம். அம்மா மீன் ஏலத்துக்குப் போயிடும். சாயங்காலமா வாங்க."