கிணற்றுக்குள் அம்மாவின் குரல்

தெருவில் யாராவது சும்மா சிரித்தால்கூட, "எதுக்குச் சிரிச்சார்?" என்று யோசிக்கிற பெண் அவள். வயது பத்து. துப்பறிகிறவள் என்பதைச் சுருக்கி வீட்டில் எல்லோரும் அவளை 'துப்பு' என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய அண்ணனோ நேர் எதிர். பளபளவென்று எதைக் காட்டினாலும் நம்பிவிடுவான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒரு பென் டிரைவைக் கணினியில் செருகிவிட்டு, திரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை. விடுமுறை நாட்களில், கண் பார்வை இல்லாதவர்கள் கேட்பதற்காக ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் புத்தகங்களை வாசித்துக் கொடுப்பார். இந்த முறை ஒரு பெரிய கடல் கதை. பாதி முடிந்திருந்தது. அந்தப் பாதியைத்தான் ஒலிப்பதிவாளர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"சாதாரணப் பாட்டுக் கோப்புல, இடம் மிச்சம் பிடிக்க மெல்லிய சத்தத்தையெல்லாம் தூக்கிப் போட்டுடுவாங்க. இதுல எதையும் தூக்கிப் போடலை. பதிஞ்சது பதிஞ்சபடி இருக்கும். கேட்டுட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா, வேற ஒருத்தரை முதல்லேர்ந்து வாசிக்கச் சொல்றேன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆனால், 'இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது' என்று கணினி கையை விரித்துவிட்டது.

"இவ்வளவுதானே! நகரும்மா" என்று அண்ணன் வந்து உட்கார்ந்தான். கோப்பைத் திறக்கும் மென்பொருளை இணையத்தில் தேடினான். முதலில் கண்ணில் பட்டதைத் திறந்தான். திரை முழுக்க ஒரு கிளி ஆடியது. 'இலவசம்! முற்றிலும் இலவசம்! பத்து மடங்கு சத்தம்!'

"எதுக்கு இலவசம்?" என்றாள் துப்பு.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது, தெரியுமா?"

"நான் பல்லையும் பார்ப்பேன், வாலையும் பார்ப்பேன்."

அவள் பார்ப்பதற்குள் அண்ணன் எதையும் படிக்காமல், 'அடுத்து, அடுத்து, அடுத்து' என்று தட்டித் தள்ளிவிட்டான்.

கோப்பு திறந்தது. அம்மாவின் குரலும் வந்தது. ஆனால் கிணற்றுக்குள் விழுந்த யாரோ உதவி கேட்பது போல இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உறுமி, எதிரொலித்து, அடுத்த சொல்லோடு மோதிக்கொண்டது.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "இதுவா என் குரல்? இத்தனை நாள் இப்படியா வாசிச்சுக்கிட்டிருந்தேன்?"

"மைக் சரியில்லையோ என்னவோம்மா" என்று அண்ணன் இழுத்தான்.

"மைக் என்னடா பண்ணும்? தொண்டைதான் போச்சு. பாவம், இதைக் கேட்டா யாருக்குக் கதை புரியும்? வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிடறேன்." அம்மா கைப்பேசியை எடுத்தார். ஒலிப்பதிவாளர் எடுக்கவில்லை. "கொஞ்சம் கழிச்சுத் திரும்பப் போடறேன்" என்று கைப்பேசியை மேசையில் வைத்தார்.

துப்பு நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டாள். அந்தக் கடல் கதையை வாசித்துவிட்டு வருகிற நாட்களில் அம்மா எவ்வளவு குஷியாக இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அதோடு, தினமும் அவளை எழுப்புகிற குரல் அது. அதில் கிணறும் இல்லை, குளமும் இல்லை.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். மூலையில் புதிதாக ஒரு வானிலைப் படம் முளைத்திருந்தது. தேடும் பக்கமும் மாறியிருந்தது. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது!' என்று கிளி வேறு எட்டிப் பார்த்தது.

"அண்ணா, உன் கைப்பேசியில ஏதாவது பேசிப் பதிவு பண்ணு."

"என்ன பேசறது?"

"எதையாவது. நீதான் ஓயாம பேசுவியே."

அண்ணன் தன் பள்ளிக் கால்பந்து அணியின் பெருமையைப் பேசிப் பதிவு செய்தான். கைப்பேசியில் கேட்டார்கள். அசல் அண்ணன் குரல். அதையே கணினிக்கு மாற்றி, கிளி மென்பொருளில் போட்டாள். அண்ணனும் கிணற்றுக்குள் விழுந்துவிட்டான்.

"அம்மா, இங்க வா! அண்ணனும் உள்ளேதான் இருக்கான்!"

"ஸ்பீக்கர் கெட்டுப் போயிருக்கும்" என்றான் அண்ணன்.

அந்தச் சந்தேகமும் நியாயமானதுதான். துப்பு இணையத்தில் ஒரு பாடக் காணொளியைப் போட்டாள். ஆசிரியரின் குரல் அதே ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது.

"தொண்டை இல்ல, மைக் இல்ல, ஸ்பீக்கரும் இல்ல. இந்தக் கிளிதான் திருடன்" என்றாள் துப்பு. "பத்து மடங்கு சத்தம்னு சொல்லி இருக்கிற சத்தத்தையும் கெடுக்குது."

"வேலியில போன ஓணானை மடியில விட்ட கதையா இருக்கே!" என்றார் அம்மா. "முதல்ல அதைத் தூக்குடி."

நீக்கும்போது கிளி கண்ணீர் விட்டது. 'எங்களை விட்டுப் போகாதீர்கள்!' துப்பு இரக்கப்படவே இல்லை. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த வானிலைப் படத்தையும் துரத்தினாள். தேடும் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள்.

பிறகு வேறு மென்பொருள் தேடினாள். ஒரு பக்கத்தில் மூன்று பெரிய பச்சைப் பொத்தான்கள். அழுத்தாமல் அம்புக்குறியை மட்டும் ஒன்றின் மேல் வைத்தாள். திரையின் அடியில் தெரிந்த முகவரி வேறு ஏதோ ஒரு கடைக்குப் போனது. "ஓகோ" என்று வெளியே வந்தாள். இன்னொன்று மின்னஞ்சல் முகவரி கேட்டது. "பாட்டு கேட்க அது எதுக்கு?" அதுவும் வேண்டாம்.

கடைசியில் சாம்பல் நிறத்தில், சோப்புப் போட்டுக் கழுவியது போல ஒரு பக்கம் கிடைத்தது. விளம்பரம் இல்லை. கிளி இல்லை. மெல்லிய சத்தத்தையும் தூக்கிப் போடாத கோப்புகளை அப்படியே இசைக்கும், தானாக எதையும் சேர்க்காது என்று எழுதியிருந்தது. பல ஊர்களில் இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்ததாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். காசு வேண்டாமாம்.

துப்புக்குச் சந்தேகம் தலைக்கேறியது. கிளியிடமாவது விளம்பரம் இருந்தது. இவர்களுக்கு என்ன லாபம்?

"சும்மா ஒருத்தர் எதுக்கும்மா வேலை செய்யணும்?" என்று கேட்டாள்.

அம்மா பதில் சொல்லும் முன்பே இன்னொரு கேள்வி அவளுக்குள் எழுந்தது. "ஆமா, புத்தகம் வாசிக்கிறதுக்கு உனக்கு என்ன தர்றாங்க?"

"டீ தருவாங்க."

"அவ்வளவுதானா?"

"போன புத்தகத்தைக் கேட்ட ஒரு அக்கா ஃபோன் பண்ணாங்க. கதை முடிஞ்சு போச்சேன்னு அழுதாங்களாம். எனக்கு அன்னைக்கு முழுக்கச் சாப்பாடே வேண்டியிருக்கலை."

துப்பு அந்தச் சாம்பல் பக்கத்தை மறுபடி பார்த்தாள். எங்கோ ஒரு வீட்டில், வேலை முடிந்து வந்து, அம்மாவைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

"இதைப் போடட்டுமாம்மா?"

"போடு."

நம்பிக்கை வந்துவிட்டதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை அவள். ஒவ்வொரு வரியையும் படித்த பிறகுதான் 'அடுத்து' என்பதைத் தட்டினாள். அண்ணன் பொறுமை இழந்து கொட்டாவி விட்டான்.

கோப்பைத் திறந்தாள்.

அம்மா வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார். ஆனால் அம்மா பேசுகிறார்! மூச்சு கேட்டது. தாள் புரளும் சத்தம்கூடக் கேட்டது. கப்பல் புயலில் சிக்கியபோது குரல் மெல்ல நடுங்கியது. அண்ணன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

"நானா இது?" என்றார் அம்மா, வெட்கத்தோடு.

அப்போது, இரண்டு வரிகளுக்கு நடுவே 'குர்ர்ர்' என்று ஏதோ உறுமியது.

துப்பு சட்டென்று நிறுத்தினாள். பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். மறுபடியும் குர்ர்ர். "யாரது?"

"கப்பல்ல புலி ஏதாவது வருதா?" என்று கேட்டான் அண்ணன்.

அம்மாவின் முகம் சிவந்தது. "அன்னைக்குக் காலையில சாப்பிடாம போயிட்டேன்" என்றார் மெதுவாக.

மூவரும் சிரித்து ஓய்வதற்குள் கைப்பேசி அடித்தது. ஒலிப்பதிவாளர்தான்.

"கேட்டீங்களாம்மா? எப்படி இருக்கு?"

அம்மா நிமிர்ந்து நின்றார். "நல்லா இருக்கு சார். மீதிக் கதையையும் நானே வாசிக்கிறேன். ஒரு வரியை மட்டும் திரும்பப் பதியணும். நடுவுல என் வயிறு பேசிடுச்சு."

"அட! அது உங்க வயிறா?" என்று அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "எங்க மின்விசிறின்னு நினைச்சு, காலையிலேர்ந்து அதைக் கழட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கேன்!"

"மன்னிச்சுக்குங்க சார். அடுத்த தடவை சாப்பிட்டுட்டு வர்றேன்" என்றார் அம்மா.